பல்தேயஸ் பாதிரியாரின் இரவலும் சொந்தமும்

சென்ற மாரிகாலத்திலே, பனி முழங்காலளவு கிடந்த ஒரு சனிக்கிழமை பிற்பகலில், ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் ஊர் முதியோர் வழக்கமாகக் கூடும் மண்டபமொன்றில், யாழ்ப்பாணத்தின் பழைய சரித்திரத்தைக் குறித்துப் பேசவந்த அன்பர் ஒருவர், ஒல்லாந்தர் காலத்துப் பாதிரியாராகிய பிலிப்பஸ் பல்தேயஸ் அவர்களை ஒரு மணி நேரம் வாயாரப் புகழ்ந்தார். தமிழைக் கற்று அதனை அச்சேற்றிய முதல் ஐரோப்பியப் புலவர் அவரே என்றும், எங்கள் சமயத்தின் புராணங்களையும் ஆசாரங்களையும் யாழ்ப்பாணத்து மண்ணிலே கேட்டறிந்து மேல்நாட்டாருக்கு முதன்முதலாக எடுத்துரைத்த உத்தமர் அவரே என்றும், பள்ளிக்கூடம் என்ற ஒன்றை யாழ்ப்பாணத்தானுக்குக் காட்டிக்கொடுத்தவரும் அவரே என்றும் அவர் அடுக்கியபோது சபையோர் மனமுவந்து கைதட்டினர். அந்த அன்பர்மேல் எனக்குக் குறையில்லை. ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களிலும், பாடசாலைப் பழைய மாணவர் கூட்டங்களிலும், நாலு பேர் சேர்ந்து பழங்கதை பேசும் விறாந்தைகளிலும் காலங்காலமாக வழங்கிவருகிற அபிப்பிராயத்தையே அவர் அன்று எடுத்துச் சொன்னார்.

அந்த அபிப்பிராயம் பிழையானது என்பது என் துணிபு. பல்தேயஸைப் போற்றியதைப் பிழை என்கிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். போற்றத்தக்க மனிதர்தான் அவர். ஆனால் அவருடைய பெரும் புத்தகத்தில் எந்தப் பகுதி பிறரிடம் எடுத்ததோ அதற்காக அவரைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு, எந்தப் பகுதி அவர் தம் காலால் நடந்து, தம் கண்ணால் கண்டு, தம் கையால் எழுதியதோ அதைப் புரட்டியும் பாராமல் விட்டிருக்கிறோம். இதனால் அவருக்கும் அநியாயம் செய்தோம். அவர் கடன்பட்ட மனிதருக்கும் அநியாயம் செய்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் முன்னோரைப் பற்றி எஞ்சியிருக்கிற சாட்சியங்களில் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்து எங்களுக்கே தீங்கு தேடிக்கொண்டோம்.

அவருடைய வரலாறு நீண்டதன்று. 1632ஆம் ஆண்டில், ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகரிலே பிறந்தார். ஓவியர் வெர்மேயரும், கண்ணாடிவில்லைக்குள் நுண்ணுயிரைக் கண்ட லேவன்ஹூக்கும் அதே ஆண்டில் அதே நகரில் பிறந்தவர்கள். குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தையரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்து, உறவினர் வளர்க்க வளர்ந்து, குரோனிங்கனிலும் லைடனிலும் தத்துவமும் கீழைத்தேச மொழிகளும் இறையியலும் கற்று, 1655ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவாகப் பத்தேவியாவுக்கு வந்து, அங்கிருந்து இலங்கை சேர்ந்தார். 1658இல் ரைக்லோஃப் வான் கூன்ஸ் என்னும் தளபதி மன்னாரையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தபோது, சேனையோடு கூடவந்த குரு அவரே. 1665 வரையில் யாழ்ப்பாணத்தில் ஊழியம் புரிந்து, தாய்நாடு திரும்பி, கீர்ஃப்ளீற் என்ற சிற்றூரில் குருவாயிருந்து, தம் புத்தகம் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியான காலத்தை ஒட்டி, நாற்பது வயதும் நிறையாமல் மறைந்தார். அவர் பிறந்த நகரின் பெயரை எங்கள் நெடுந்தீவுக்கும், அவர் கற்ற நகரின் பெயரை ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவுக்கும் ஒல்லாந்தர் சூட்டினர். லைடன் என்ற பெயர் மங்கிவிட்டது; டெல்ஃப்ற் என்பது இன்றும் தேசப்படத்தில் நிற்கிறது. இங்கே நீல்சன் வீதியில் பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் நெடுந்தீவார் ஒருவரிடம் பிறந்த இடத்தைக் கேட்டால், அவருடைய கடவுச்சீட்டு அந்தப் பெயரைத்தான் சொல்லக்கூடும்.

முதற் புகழ்ச்சியை விரைவாகவே தீர்த்துவிடலாம். பல்தேயஸ் தமிழ் கற்றார் என்பதும், தம் புத்தகத்தில் தமிழ் நெடுங்கணக்கையும் ஒரு சிறு இலக்கணக் குறிப்பையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழெழுத்தில் செதுக்குவித்து வெளியிட்டார் என்பதும் மெய். ஆனால் அவர் பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, முத்துக்குளித்துறைக் கரையிலே, புன்னைக்காயலில் பரதவ மக்களிடையே வாழ்ந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் யேசு சபைக் குரு தமிழுக்குப் போர்த்துக்கீச மொழியில் இலக்கணம் வகுக்கத் தொடங்கிவிட்டார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்திலேயே அச்சாயிற்று. தமிழ்ச் செபங்களை ரோமன் எழுத்தில் அச்சிட்ட புத்தகமொன்று லிஸ்பனில் 1554இலேயே வெளிவந்தது. மதுரையிலே றொபேர்த்து தெ நொபிலி தமிழ் வசனத்தில் தத்துவம் எழுதி முடித்து, கண்பார்வை மங்கிய முதுமையில் மயிலாப்பூரிலே 1656இல் உயிர் நீத்தபோது, பல்தேயஸ் இந்து சமுத்திரத்துக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எனவே ‘முதல்வர்’ என்ற பட்டம் அவருக்குப் பொருந்தாது. ஹென்றிக்கஸின் தலையிலிருந்து அதைக் கழற்றி இவர் தலையில் வைப்பதற்கு எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

இரண்டாவது புகழ்ச்சிதான் என் மனத்தைப் பெரிதும் வருத்துவது. பல்தேயஸின் புத்தகம் மூன்று பாகமுடையது: முதலாவது மலபார், சோழமண்டலக் கரைகளின் வரலாறு, இரண்டாவது இலங்கை, மூன்றாவது, கீழைத்தேசத்தாரின் ‘விக்கிரக ஆராதனை’ என்று அவர் பெயரிட்ட சமய விளக்கம். மேல்நாட்டில் அந்த மூன்றாம் பாகமே அவருக்கு மிகுந்த கீர்த்தியைத் தந்தது. சிவனையும் விநாயகரையும் பற்றிய கதைகளும், திருமாலின் பத்து அவதாரங்களும் படங்களோடு அதில் விரிவாக இடம்பெற்றிருப்பதால், ஐரோப்பியப் பண்டிதர்கள் பல தலைமுறை அதனை ஆதாரமாகக் கொண்டனர். எங்களவரும், யாழ்ப்பாணத்திலிருந்த பாதிரியார் எழுதினார் என்றவுடனே, இது பதினேழாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துச் சைவத்தின் சித்திரம் என்று கொண்டாடத் தொடங்கினர்.

ஆனால் நடந்தது என்ன? இத்தாலியரான யாக்கோபோ ஃபெனிசியோ என்னும் யேசு சபைக் குரு கோழிக்கோட்டுப் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்து, மலையாள நாட்டு மக்களின் சமயத்தைப் பற்றிப் போர்த்துக்கீச மொழியில் 1609ஐ ஒட்டி ஒரு நீண்ட நூல் எழுதினார். அது அச்சேறவில்லை. அதன் கையெழுத்துப் பிரதியொன்று பிற்காலத்தில் சேர் ஹான்ஸ் ஸ்லோன் என்பாரின் சேகரத்தோடு இலண்டன் பிரித்தானிய அரும்பொருட்சாலையைச் சேர்ந்தது. சுவீடன் தேசத்து உப்சாலாவைச் சேர்ந்த யார்ல் ஷார்ப்பென்ற்றியர் என்னும் சமஸ்கிருதப் பேராசிரியர் அந்தப் பிரதியை ஆராய்ந்து, பல்தேயஸின் சமய பாகத்தில் பெரும்பகுதி ஃபெனிசியோவின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்று நிறுவி, 1933இல் மூலத்தை அச்சிட்டு வெளிப்படுத்தினார். அவதாரங்களைப் பற்றிய பகுதியோ வேறொருவரின் உழைப்பு: லைடனிலே ஓவியராக இருந்து, பின்னர் கம்பெனிச் சேவகத்தில் கிழக்கே வந்த ஃபிலிப்ஸ் ஆஞ்சல் என்பவர் 1658இல் பத்து அவதாரங்களையும் படங்களோடு விவரித்து ஒரு கையெழுத்துப் பிரதி தயாரித்தார்; அந்தப் பிரதி பெல்ஜியத்து மடமொன்றில் கிடந்து பிற்காலத்தில் வெளிப்பட்டது. பல்தேயஸ் அந்த உழைப்பையும் ஆஞ்சலின் பெயர் சொல்லாமல் தம்முடையதாக்கிக்கொண்டார்.

இதனை வெறும் இலக்கியத் திருட்டு வழக்காக நான் பேசவில்லை. இதனால் எங்களுக்கு விளைந்த கேடு ஒன்று உண்டு. ஃபெனிசியோ கண்டது மலையாள நாடு. அவர் கேட்ட கதைகள் கோழிக்கோட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வழங்கிய கதைகள். அவர் விவரித்த ஆசாரங்கள் நாயர்களும் நம்பூதிரிகளும் வாழ்ந்த சமூகத்தின் ஆசாரங்கள். அக்காலத்து ஐரோப்பியர் தமிழையும் ‘மலபார்’ என்றே வழங்கினர். யாழ்ப்பாணத்தாரையும் ‘மலபாரிகள்’ என்றே எழுதினர். அந்த ஒரு சொல்லின் மயக்கத்தினால், கோழிக்கோட்டுக் கோயிலின் வழிபாட்டை நல்லூர்க் கோயிலின் வழிபாடென்று எண்ணிக்கொண்டு, பல்தேயஸை அடிக்குறிப்பில் காட்டி, ‘அக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் இவ்வாறு வணங்கினர்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஃபிலிப்பே தெ ஒலிவேறா 1621இல் இடித்துத் தள்ளிவிட்டான். பல்தேயஸ் வந்து சேர்ந்தபோது அங்கே வழிபாட்டைப் பார்க்க ஒரு கோபுரமும் நிற்கவில்லை. இல்லாத கோயிலின் பூசையை அவர் எப்படிக் கண்டு எழுதியிருக்க முடியும்?

அக்காலத்து யாழ்ப்பாணத்துச் சைவம் எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டால், அது வீட்டு இறப்பிலே செருகிக்கிடந்தது என்பேன். பறங்கியர் காலத்தில், விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, அதைச் சுருட்டிக் கூரையின் இறப்பிலே செருகிவைப்பார்களாம் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது அவர் தம் கையை உயர்த்தி, கிடுகின் அடியிலே விரலை நுழைத்துக் காட்டுவார். தாமே செய்ததுபோலக் காட்டுவார். முந்நூறு ஆண்டுக்கு முந்திய அச்சத்தை ஒரு கிழவியின் விரல் நினைவில் வைத்திருந்தது. திருநெல்வேலி ஊரிலிருந்து, அதிகாரிக்கு முறைவைத்துப் பசுவைக் கொடுக்கும் பாவத்துக்கு அஞ்சி இரவோடிரவாகக் கடல்கடந்து, சிதம்பரத்தில் திருக்குளம் கண்ட ஞானப்பிரகாசரின் வரலாறும் இதே அச்சத்தின் வரலாறு. இவற்றில் ஒன்றும் பல்தேயஸின் மூன்றாம் பாகத்தில் இல்லை. இரவல் வாங்கிய கண்ணாடியில் அவை எவ்வாறு தெரியும்?

இந்த இடத்தில் எனக்குக் கூறப்படும் மறுமொழி ஒன்றுண்டு: ‘அக்காலத்தில் அதுதான் வழக்கம், பிறர் நூலிலிருந்து எடுத்தெழுதுவதை யாரும் குற்றமாகக் கருதவில்லை, இன்றைய அளவுகோலால் பழையவரை அளப்பது நியாயமா?’ என்பது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தைச் சாய்ப்பதற்கு ஒரு மனிதரே போதும். ஆபிரகாம் ரொகேரியஸ் என்பவர் இதே ஒல்லாந்தர், இதே கம்பெனியின் குரு, இதே சபையைச் சேர்ந்தவர். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டிலே 1632 முதல் பத்து ஆண்டுகள் ஊழியம் செய்தார். அவர் எழுதி, அவர் மறைந்தபின் 1651இல் லைடனில் வெளியான ‘திறந்த கதவு’ என்னும் நூல், பிராமணருடைய வாழ்க்கையையும் வழிபாட்டையும் விரிவாகச் சொல்லும்போதெல்லாம், ‘இதனை எனக்குச் சொன்னவர் பத்மநாபன் என்னும் பிராமணர்’ என்று வெளிப்படையாகக் கூறிவிடுகிறது. பர்த்ருஹரியின் சதகங்களில் நீதியையும் வைராக்கியத்தையும் பற்றிய இரண்டையும் பத்மநாபன் சொல்ல ரொகேரியஸ் எழுதி, அந்நூலிலே சேர்த்தார். சமஸ்கிருத இலக்கியத்திலிருந்து ஐரோப்பிய மொழியொன்றில் அச்சான முதல் மொழிபெயர்ப்பு அதுவே. பழவேற்காட்டுப் பிராமணரின் பெயர் இன்றைக்கும் எங்களுக்குத் தெரிகிறதென்றால், அதற்கு ஒரு பாதிரியாரின் நேர்மையே காரணம். பல்தேயஸ் எழுதுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னமே, அவர் கற்ற லைடன் நகரிலேயே அந்நூல் அச்சானது. கடன் தந்தவர் பெயரைச் சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை.

இன்னொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒல்லாந்துப் புலமைக்கு உலகத்தில் பெயர் வந்தது எதனால்? றொற்றர்டாமில் பிறந்த எராஸ்மஸ், வழிவழியாகப் படியெடுத்த லத்தீன் பாடத்தோடு அமைதிகொள்ளாமல், கிரேக்க ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிப் புதிய ஏற்பாட்டின் மூலத்தை 1516இல் அச்சிட்டார். ‘மூலத்துக்குப் போ’ என்பதே அந்தப் பரம்பரையின் மந்திரம். ஸ்கலிகர் முதலிய பேராசிரியர்கள் வீற்றிருந்த லைடன் சர்வகலாசாலை அந்த மந்திரத்தின் மேலேதான் எழுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கற்ற ஒருவரை அவருடைய பரம்பரையின் கட்டளையைக் கொண்டே அளக்கிறேன். இன்றைய அளவுகோல் எதையும் நான் கொண்டுவரவில்லை.

சைவன் ஒருவன் பாதிரியாரைக் குறைகூற இதை எடுத்துக்கொண்டான் என்று நினைப்பவர்கள், பெயர் மறைக்கப்பட்டவரும் கிறிஸ்தவக் குருவே என்பதை மறந்துவிடுகிறார்கள். ஃபெனிசியோ கத்தோலிக்கர், யேசு சபையார், கிழக்கே வந்து தம் ஆயுளை மலையாள மண்ணிலே செலவிட்டவர். ஒல்லாந்தக் குரு எழுதியதாக உலகம் நம்பிய பக்கங்களில் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் பெயரில்லாமல் கிடந்த அந்த மனிதருக்காக வாதாட நான் எந்தச் சமயத்தையும் சேர்ந்திருக்கவேண்டிய அவசியமில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிய மூன்றாம் புகழ்ச்சிக்கு வருகிறேன். ஒல்லாந்தர் கோயிற்பற்று ஒவ்வொன்றிலும் பள்ளி வைத்தனர் என்பது உண்மை. ஆனால் அந்தப் பள்ளியின் உபாத்தியாயர் கையிலிருந்த முதன்மையான ஏடு அரிச்சுவடி அன்று, தோம்பு. ஞானஸ்நானமும் விவாகமும் அவருடைய பள்ளித் தோம்பிலே பதிவாயின, அந்தப் பதிவில்லாதவனுடைய விவாகம் செல்லாது, அவன் பிள்ளைக்கு முதுசம் சேர்வதில் வழக்கு, உத்தியோகமோ கனவு. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டம். செபமும் விசுவாசப் பிரமாணமும் மனனமாக ஒப்புவித்தால் பிள்ளை தேறியது. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட யாழ்ப்பாணத்தாரைப் பல்தேயஸ் தம் கணக்கிலே கிறிஸ்தவர் என்று காட்ட முடிந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். அவர்களிற் பலர் பழைய வழிபாட்டை விடவில்லை என்று மனம் நொந்து எழுதியவரும் அவரேதான். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆயினும் எழுத்தறிவை இந்தத் தோம்புப் பள்ளி கொண்டுவந்தது என்பதை ஏற்கமாட்டேன். காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரி, ஒல்லாந்தர் வருமுன்னரே வாழ்ந்த நல்லூர் அரச குடும்பத்தார். செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்களும் தமிழரசர் காலத்தன. திண்ணையில் மணலைப் பரப்பி, சட்டம்பியார் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவித்த ஒரு சமூகத்துக்குப் பள்ளிக்கூடத்தைக் காட்டிக்கொடுத்தவர் இன்னார் என்று சொல்வது எங்கள் முப்பாட்டனாரைக் கைநாட்டுக்காரராக்குவது.

இவ்வளவையும் கழித்தபின் பல்தேயஸுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். மிஞ்சுவதுதான் பெரிது.

புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில், யாழ்ப்பாணத்தைப் பற்றிய அதிகாரங்களைத் திறந்து பாருங்கள். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற நான்கு பிரிவாக நாட்டைப் பகுத்துக்கொண்டு, கோயிற்பற்று ஒவ்வொன்றாக அந்த மனிதர் நடக்கிறார். தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், வண்ணார்பண்ணை, நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய், புத்தூர், நாவற்குழி, சாவகச்சேரி, கச்சாய், வரணி, கட்டைவேலி, உடுப்பிட்டி, பருத்தித்துறை, முகமாலை என்று ஊர்ப்பெயர்கள் ஒல்லாந்த எழுத்தின் உடையை அணிந்துகொண்டு வருகின்றன. வலிகாமம் ‘பெலிகம்மே’ ஆகிறது. வட்டுக்கோட்டை ‘பட்டெகொட்டே’ ஆகிறது. வகரம் பகரமான அந்த உச்சரிப்பே நூற்றைம்பது ஆண்டுக்குப் பின்னும் விடாமல் நின்று, 1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே நிறுவிய செமினரிக்கும் ‘பற்றிக்கோட்டா’ என்று பெயர் தந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை கற்ற கலாசாலை அது. யானைகள் கப்பலேறியதும், பனையின் பயன்களும், சாயவேரும் சங்கும், வெள்ளாளர் முதலிய குலங்களின் தொழிலும் உடையும் எல்லாம் அவருடைய பக்கங்களில் உண்டு. 1658இல் கோட்டை பிடிபட்ட சில மாதங்களில் ஒரு சதி வெளிப்பட்டு, அதில் பட்டவர்களையும் யேசு சபைக் குரு ஒருவரையும் ஒல்லாந்தர் கொடூரமாகக் கொன்றதைக்கூட அவர் மறைக்கவில்லை. தம்மவரின் கை இரத்தத்தைத் தம் பேனாவாலேயே பதிந்தார்.

மொழி விஷயத்திலும் அவருக்கு உரிய பெருமை ஒன்றுண்டு. கூட்டத்தில் பேசிய அன்பர் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டார். குடிகளுக்கு ஒல்லாந்த மொழியைக் கற்பித்துவிட வேண்டும் என்பது வான் கூன்ஸ் முதலிய அதிகாரிகளின் விருப்பம். ஊர் முழுவதும் ஒரு குருவின் மொழியைக் கற்பதைவிட, ஒரு குரு ஊரின் மொழியைக் கற்பது எளிது என்று வாதாடியவர் பல்தேயஸ். தமிழின் முதல்வர் என்ற பொய்ப்பட்டத்தைவிட, அதிகாரத்தின் முன் நின்று தமிழுக்காகச் சொன்ன இந்த ஒரு வாக்கு அவருக்கு அதிக அழகு செய்கிறது.

அந்த அதிகாரங்களோடு கோயிற்பற்றுத் தேவாலயங்களின் சித்திரங்களும் உண்டு. செவெல்ஸ் வீதியிலுள்ள எங்கள் நூலகத்தின் மேசையொன்றில் ஒருநாள் அந்தப் பக்கங்களை விரித்துவைத்துக்கொண்டிருந்தேன். வட்டுக்கோட்டையில் பிறந்து வளர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகளாக மல்வேர்னில் பேரப்பிள்ளைகளை வளர்த்துவிட்ட ஓர் அம்மையார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் பூதக்கண்ணாடியையும் வாங்கி, சித்திரத்தின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தார்.

“மாஸ்டர், இது எங்கட கோயில் எல்லே?”

“ஓம் அம்மா, அதுதான்.”

“இந்தச் சுவரிலதான் நான் சாய்ஞ்சு நிண்டனான், கொலிஜ்ஜால வாற நேரம். சுவர் அவ்வளவு மொத்தம். உள்ளுக்க போனா வெயில் காலத்திலயும் குளிரும்.”

பறங்கியர் எழுப்பி, ஒல்லாந்தர் புதுக்கி, அமெரிக்கர் கைக்கொண்டு, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண அத்தியட்சாதீனத்துக்குத் தலைமைக் கோயிலாக நிற்கும் கட்டடம் அது. சுவரின் கனத்தைப் பற்றி அம்மையார் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கும், பல்தேயஸ் நின்று வரைவித்த அந்தச் சித்திரத்துக்கும் இடையில் எந்த இரவலும் இல்லை. இருவரும் கண்டதைச் சொன்னார்கள். பருத்தித்துறையில் அவர் நிழலிலே நின்று போதித்ததாகச் சொல்லப்பட்ட பெரும் புளியமரம் புயலிலே சாய்ந்துவிட்டது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் 1990ஆம் ஆண்டுச் சண்டையில் கல்லும் மண்ணுமாயிற்று. அவர் நடந்த மயிலிட்டியிலிருந்து அதே 1990இல் வெளியேறிய சனங்கள், தங்கள் துறைமுகத்தை மீண்டும் காண 2017 வரையில் காத்திருந்தனர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் 1981இல் ஒரே இரவில் எரிந்தன. ஏடு எரிந்து, கல் உடைந்து, ஊரும் கைவிட்டுப்போன ஒரு சனத்துக்கு, எஞ்சியிருக்கும் சாட்சியைப் பிழையாக வாசிக்கும் வசதி கிடையாது. எது கண்டது, எது கேட்டது, எது களவாடியது என்று பிரித்தறிவது பண்டிதருடைய பொழுதுபோக்கு என்று எவரும் சொல்லவேண்டாம். எங்கள் கையில் மீந்திருக்கும் சொற்பத்தைக் காப்பாற்றுவதற்கு அது ஒன்றே வழி.

ஆகவே அந்த அன்பரையும், மலர்களிலே கட்டுரை எழுதுவோரையும் நான் கேட்டுக்கொள்வது இது. பல்தேயஸின் மூன்றாம் பாகத்தை எடுத்து யாழ்ப்பாணத்துச் சைவத்துக்கு ஆதாரம் காட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதைக் காட்ட நேர்ந்தால் ஃபெனிசியோ என்ற பெயரையும் ஆஞ்சல் என்ற பெயரையும் கூடவே எழுதுங்கள். இரண்டாம் பாகத்தை ஊர் ஊராக வாசியுங்கள். இலண்டனில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு அவசரமாகச் செய்யப்பட்டது. பீற்றர் புரோகியர் ஒல்லாந்த மூலத்திலிருந்து செய்து, இலங்கைச் சரித்திர சஞ்சிகையில் வெளியான மொழிபெயர்ப்பையே நாடுங்கள். வாசிக்கும்போது உங்கள் ஊர்ப்பெயர் வருமிடத்தில் நிறுத்தி, அந்தத் தேவாலயம் நின்ற இடத்தில் இன்று என்ன நிற்கிறது, பக்கத்துக் கிணறு யாருடையது, உங்கள் பாட்டி அதைப் பற்றி என்ன சொன்னார் என்பதை ஒரு தாளிலே எழுதி வையுங்கள். இன்னும் பத்து ஆண்டு கழிந்தால் அதைச் சொல்லக்கூடியவர்கள் மல்வேர்னிலும் இருக்கமாட்டார்கள், மானிப்பாயிலும் இருக்கமாட்டார்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பிற்பகல் இரண்டு மணிக்கு அதே மேசையில் நான் இருப்பேன். வட்டுக்கோட்டைப் பக்கம் எழுதியாயிற்று. அடுத்தது பண்டத்தரிப்பு, அந்த ஊரார் யாராவது இருந்தால் வாருங்கள்.